விண்கலம் திரும்பும் நாளில்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளியிலிருந்து ஆட்கள் திரும்புகிறார்கள் என்ற செய்தி வந்தால் வாசிகசாலை, ரியூசன் வகுப்பு, மீன்வாடி எங்கும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழும்புகின்றன. அவற்றில் பாதி பயம், பாதி வாட்ஸ்அப். எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் கைதட்டலாம் என்று தெரிந்துவிட்டால் இரண்டுமே குறையும்.

எந்த நேரத்தில் "பத்திரமாக வந்துவிட்டார்கள்" என்று பதிவு போடலாம்?

கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர்களை ஆட்கள் நேரில் கண்ட பிறகு. கடலைத் தொட்டவுடன் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டுவார்கள். அது அவர்களுக்குச் சரி. உள்ளே இருப்பவர்களின் குரலும் உடல்நிலைத் தரவுகளும் அவர்கள் காதிலும் கண்ணிலும் இருக்கின்றன. நமக்கு அது இல்லை.

1971 ஜூன் 30 அன்று சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ் 11 கலம் தானியங்கி முறையில், ஒரு பிழையும் இல்லாததுபோல் கசகஸ்தானில் இறங்கியது. பரசூட் விரிந்தது, தரையிறக்கம் மென்மையாகவே இருந்தது. மீட்புக் குழு கதவைத் திறந்தபோது டொப்ரொவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் மூவரும் உயிரோடு இல்லை. வான்மண்டலத்துக்குள் நுழையுமுன் கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது, காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு ஒன்று திறந்து உள்ளிருந்த காற்று வெளியேறியிருந்தது. இடநெருக்கடி காரணமாக அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. அதன் பிறகு அந்த உடை இல்லாமல் சோயுஸில் ஒருவரும் இறங்கியதில்லை.

கடலில் விழுந்த பிறகும் கதை முடிவதில்லை. 1961 ஜூலையில் அமெரிக்க வீரர் கஸ் கிரிசம் வந்த மேர்க்குரி கலத்தின் கதவு தண்ணீரில் மிதக்கும்போதே வெடித்துத் திறந்தது. அவர் நீந்தித் தப்பினார், கலம் மூழ்கியது. 1999 இல்தான் அதைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள்.

சிக்னல் அறுந்துபோகும் அந்தச் சில நிமிடங்கள்தானே மிக ஆபத்து?

பார்ப்பவருக்கு அப்படித்தான் படும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதையிலிருந்து வரும் கலம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் வான்மண்டலத்துக்குள் நுழைகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பக்கம் சுடுவதுபோல, முன்னால் உள்ள காற்று நசுங்கிச் சூடாகிறது. வெறும் உராய்வு மட்டும் காரணமல்ல. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தின் வெளிப்புறம் ஏறத்தாழ 1,900 பாகை செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் காற்று மின்னேற்றம் அடைந்து வானொலி அலைகளை மறைக்கிறது. டிராகனுக்கு இந்த மௌனம் ஏறத்தாழ ஆறு ஏழு நிமிடம். அது முன்கூட்டியே கணக்கிட்ட மௌனம்.

எதிர்பார்த்த நேரம் தாண்டியும் குரல் வராவிட்டால் மட்டுமே கவலைப்பட வேண்டும். 1970 ஏப்ரல் 17 அன்று, சந்திரனுக்குப் புறப்பட்டு இடையில் திரும்பிய அப்பலோ 13 இல் அப்படி நடந்தது. கணக்கிட்டதைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்தே குரல் வந்தது. நாலு நாட்களுக்கு முன்பு அதன் ஒட்சிசன் தாங்கி வெடித்திருந்ததால் வெப்பக் கவசம் தாங்குமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. கவசம் தாங்கியது.

வெப்பம் உண்மையில் உயிர்களைக் கொண்டுபோனது கொலம்பியா விண்ணோடத்தில், 2003 பெப்ரவரி 1 அன்று. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஆனால் கேடு நடந்தது அன்றைக்கு அல்ல. 16 நாட்களுக்கு முன் ஏவியபோது வெளி எரிபொருள் தாங்கியிலிருந்து உடைந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் பட்டிருந்தது.

அப்படியென்றால் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

பரசூட்டை. எண்ணிப் பாருங்கள்.

டிராகனில் முதலில் ஏறத்தாழ 5,500 மீற்றர் உயரத்தில் இரண்டு சிறிய பரசூட்கள் வரும். அப்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 560 கிலோமீற்றர். அவற்றின் வேலை வேகத்தைக் குறைப்பது மட்டுமல்ல, கலம் ஆடாமல் பிடிப்பதும்தான். பிறகு ஏறத்தாழ 1,800 மீற்றரில் நாலு பெரிய பரசூட்கள். இவை ஒரேயடியாக விரிந்தால் துணியும் கயிறும் கிழிந்துவிடும். ஆகவே வாயைச் சுற்றி ஒரு கயிற்றால் இறுக்கி வைத்து, சிறு வெடிப்பொறியால் அந்தக் கயிற்றைக் கட்டங்கட்டமாக வெட்டுகிறார்கள். அதனால்தான் முதலில் நாலும் ஒடுங்கிய பைகள்போல் தொங்கி, பிறகு ஊதிப் பெருக்கின்றன. அந்த நேரத்தில் "விரியவில்லை, விரியவில்லை" என்று குழுவில் எழுத வேண்டாம்.

ஒன்று பிந்தினாலும் பெரிய ஆபத்தில்லை. 2021 நவம்பரில் இறங்கிய குரூ-2 என்ற டிராகன் பயணத்தில் நாலில் ஒன்று ஒரு நிமிடத்துக்கும் மேல் சுருங்கியே இருந்தது. மற்ற மூன்றும் தாங்கின. 1971 ஓகஸ்டில் அப்பலோ 15 மூன்றில் இரண்டோடு இறங்கியது. ஆட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சோயுஸில் பிரதான பரசூட் ஒன்றுதான். மாற்றுப் பரசூட் தனியாக உண்டு. 1967 ஏப்ரலில் சோயுஸ் 1 இல் பிரதானம் வெளியே வரவில்லை, மாற்று சிக்கிக்கொண்டது, உள்ளே இருந்த வீரர் கொமரோவ் இறந்தார். ஆகவே கோணேசருக்கு நேர்த்தி வைப்பவர்கள் மௌன நிமிடங்களைவிட இந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்கு வைப்பது பொருத்தம்.

கடலில் ஏன் விழுகிறார்கள்? தரையில் இறங்க முடியாதா?

முடியும். சோயுஸ் கசகஸ்தான் புல்வெளியிலும் சீனாவின் ஷென்சோ உள்மொங்கோலியாவிலும் இறங்குகின்றன. சோயுஸ் தரையைத் தொட ஒரு மீற்றருக்கும் குறைவாக இருக்கும்போது சிறு றொக்கெட்கள் கீழ்நோக்கி எரியும். அப்போது எழும் புழுதியைப் பார்த்து "வெடித்துவிட்டது" என்று பயப்படுவோர் ஒவ்வொரு முறையும் உண்டு. கடலில் இறங்குவதற்கு இந்த றொக்கெட் தேவையில்லை. ஆனால் அலையும் காற்றும் அடங்கியிருக்க வேண்டும். பயணம் ஒரு நாள் இரு நாள் தள்ளிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கச்சான் காற்று அடிக்கும்போது வள்ளம் இறக்காமல் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2025 இல் டிராகனின் இறங்கும் இடம் புளோரிடாவிலிருந்து கலிபோர்னியாப் பக்கம் மாறியது. கலத்தின் பின்பகுதியைச் சுற்றுப்பாதையிலேயே கழற்றி விட்டபோது அதன் துண்டுகள் அவுஸ்திரேலியா, கனடா, வட கரோலினா ஆகிய இடங்களில் தரையில் விழுந்தன. இப்போது வேகம் குறைக்கும் எரிப்பு முடிந்த பிறகே கழற்றுகிறார்கள். மிச்சம் பசிபிக்கில் விழும்.

திரும்பும் கலம் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் நின்றால் தெரியுமா?

எரிந்துகொண்டு இறங்கும் கட்டம் தெரியாது. கலிபோர்னியாவுக்கு வரும் கலம் பசிபிக்கின் மேலேதான் சூடாகிறது. கசகஸ்தானுக்குப் போவதும் நமக்கு வெகு தூரம்.

சர்வதேச விண்வெளி நிலையம் தெரியும். அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பொழுதுபட்ட பின்னும் விடியுமுன்னும் சில நாட்களில் திருகோணமலைக்கு மேலால் போகும். இமைக்காத, வெள்ளியைப் போல் பிரகாசமான புள்ளி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நாலைந்து நிமிடத்தில் கடக்கும். சிவப்பு பச்சை மினுங்கினால் விமானம். ஒன்றிரண்டு செக்கனில் கோடிழுத்து மறைந்தால் எரிகல். மெதுவாக, துண்டு துண்டாகப் பிரிந்து அரை நிமிடத்துக்கும் மேல் போனால் விண்குப்பை.

விண்குப்பை நமக்குப் புதிதல்ல. 2015 நவம்பர் 13 முற்பகல் டபிள்யூரி1190எஃப் என்று பெயரிட்ட பொருள் இலங்கையின் தெற்கே கடலுக்கு மேல் எரிந்து விழுந்தது. விழும் நாளும் நேரமும் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் விஞ்ஞானிகள் விமானத்திலிருந்து அதைப் படமெடுத்தார்கள்.

வள்ளத்தில் போகும்போது இப்படிப்பட்ட பொருள் மிதந்தால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் மிகவும் பயன்படக்கூடிய கேள்வி இதுதான், ஏனென்றால் இந்தியாவின் றொக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே, அதே வங்காள விரிகுடாவில் இருக்கிறது. பிஎஸ்எல்வி றொக்கெட் தென்திசைக்கு ஏவப்படும்போது இலங்கைக்கு மேலால் போகாதபடி பாதையை வளைத்தே அனுப்புகிறார்கள். கழன்று விழும் பாகங்கள் கடலில் விழும். 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டமாக இருக்கலாம் என்று அந்நாட்டு விண்வெளி முகமையே சொன்னது. இந்தியாவின் ஆளேறும் திட்டமான ககன்யானின் ஆளில்லாச் சோதனைக் கலங்களும் இதே கடலில்தான் இறங்கியிருக்கின்றன. 2014 டிசம்பர் 18 அன்று ஒன்று அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பக்கம், 2023 ஒக்டோபர் 21 அன்று இன்னொன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றரில். இரண்டாவது தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது, கடற்படை அதைத் தூக்கியது.

கண்டால் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். காற்று வரும் பக்கமாக வள்ளத்தை நகர்த்தி, நன்றாக விலகி நில்லுங்கள். செம்பழுப்பு நிறப் புகையோ அமோனியா போன்ற நெடியோ இருந்தால் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். இவற்றின் எரிபொருளான ஐதரசீன் வகைகளும் அதை எரியவைக்கும் நைதரசன் நாலொட்சைட்டும் நுரையீரலைப் புண்ணாக்கும். 1975 ஜூலையில் அப்பலோ கலமொன்றின் மூன்று வீரர்கள் இறங்கும்போதே இந்த வாயுவைச் சுவாசித்து ஹொனலூலுவில் வைத்தியசாலையில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை.

இழுத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டாம். வலையில் சிக்கியிருந்தால் அந்த இடத்தை வெட்டி விடுவது உத்தமம். வலை நட்டம் பெரிதுதான், ஆனால் மூடியிருக்கும் அழுத்தத் தாங்கி வெடித்தால் நட்டம் வேறு. கருப்பு நாரால் சுற்றிய பந்து, மங்கிய உலோகப் பந்து என்றால் அது பெரும்பாலும் தாங்கிதான். தேன்கூடு போன்ற உட்புறமுள்ள பலகை என்றால் றொக்கெட்டின் மூக்குமூடியாக இருக்கலாம். அது ஓரளவு ஆபத்தற்றது, ஆனால் விளிம்பு கையைக் கிழிக்கும். ஜீபிஎஸ் எண்களைக் குறித்து, தூரத்திலிருந்து படமெடுத்து, கடற்படைக்கோ பொலிஸ் 119 இற்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 இற்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக்குப் போடும் யோசனை வேண்டாம். 1968 இன் மீட்பு ஒப்பந்தப்படி ஏவிய நாடு கேட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கலம் இறங்கினால் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா?

கூடாது. 2020 ஓகஸ்ட் 2 அன்று டிராகன் முதன்முதலாக ஆட்களோடு மெக்சிக்கோ வளைகுடாவில் இறங்கியபோது தனியார் படகுகள் கொடியோடு கலத்தைச் சூழ்ந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் மீட்புக் குழு அந்த நேரம் கலத்தைச் சுற்றி நச்சு வாயு அளந்துகொண்டிருந்தது. கொஞ்சம் இருந்ததால் கதவு திறக்கவே தாமதமானது. அடுத்த பயணத்திலிருந்து கரையோரக் காவல்படை கடலை மறித்து நின்றது.

நல்ல சுகத்தோடு வந்தவர்களை ஏன் தள்ளுவண்டியிலும் கட்டிலிலும் கொண்டு போகிறார்கள்?

வருத்தம் அல்ல, ஏற்பாடு. மாதக்கணக்கில் எடையில்லாமல் இருந்தவரின் உட்காது சமநிலையை மறந்திருக்கும். எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். அதற்காகவே இறங்குமுன் உப்பும் தண்ணீரும் எடுத்து, காலை இறுக்கும் உடை அணிகிறார்கள். எலும்பு அடர்த்தி, பாரம் தாங்கும் இடங்களில், மாதத்துக்கு ஒரு வீதம் அல்லது சற்று மேல் குறையும். அதைக் குறைக்கத்தான் தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். முகம் வீங்கி, பிறகு ஒடுங்கித் தெரிவது உடல்நீர் மேலேறி இறங்குவதால். ஒரு முகப் படத்தை வைத்து "உடல் உருக்குலைந்துவிட்டது" என்று எழுதுவது அநியாயம்.

சுனிதா வில்லியம்ஸ் மேலே மாட்டிக்கொண்டாரா? மேலதிக நேரச் சம்பளம் கிடைத்ததா?

2024 ஜூன் 5 அன்று சக வீரர் புச் வில்மோரோடு போயிங் நிறுவனத்தின் ஸ்ரார்லைனர் கலத்தில் போனார். ஏறத்தாழ எட்டு நாள் பயணம் என்பதே திட்டம். ஹீலியம் கசிவும் உந்திகள் சில செயலிழந்ததும் காரணமாக அந்தக் கலம் செப்டெம்பரில் ஆளில்லாமல் நியூ மெக்சிக்கோவில் இறக்கப்பட்டது. அந்த மாத முடிவில் குரூ-9 டிராகன் இரண்டு இருக்கைகளைக் காலியாக வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து அவர்களுக்குத் திரும்பும் வாகனம் வாசலிலேயே நின்றது. 286 நாட்களுக்குப் பிறகு 2025 மார்ச் 18 மாலை, நமக்கு 19 அதிகாலை 3.27 க்கு, புளோரிடாவுக்கு அப்பால் இறங்கினார்கள். "மாட்டிக்கொண்டார்கள்" என்பது பத்திரிகைத் தலைப்புக்கு வசதியான சொல், அவ்வளவுதான்.

மேலதிக நேரச் சம்பளம் இல்லை. அரச ஊழியரின் வழமையான சம்பளம், சில்லறைச் செலவுக்கு நாளுக்கு 5 டொலர். கூட்டினால் 1,430 டொலர். கலத்தைச் சுற்றி டொல்பின்கள் நீந்தியது உண்மை, போலிக் காணொளி அல்ல. மிதக்கும் எதையும் டொல்பின் வந்து பார்க்கும் என்பது நம் கடலோடிகளுக்குத் தெரிந்ததே.

இதற்காகப் பூசை, பிரார்த்தனை செய்வது சரியா?

உலகம் முழுவதும் செய்கிறார்கள். சுனிதாவின் தகப்பனின் ஊரான குஜராத்தின் ஜூலாசனில் யாகம் செய்து, பிறகு பட்டாசு கொளுத்தினார்கள். அப்பலோ 13 க்காகப் பாப்பரசர் ஆறாம் பவுல் பிரார்த்தித்தார். சோவியத் ஒன்றியம் உட்பட வேறு நாடுகள் மீட்புக்குக் கப்பல் தர முன்வந்தன. அதே பயணத்தில், வெடிப்புக்குச் சற்று முன் வீரர்கள் அனுப்பிய நேரடி ஒளிபரப்பை அமெரிக்கப் பெரிய தொலைக்காட்சிகள் ஒன்றும் காட்டவில்லை. சலித்துப்போயிருந்தது. ஆபத்து என்றதும்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொதுமக்களின் அக்கறை இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது.

எதிர்பாராமல் நேரில் கண்டவர்களின் முகம் வேறு. 1961 ஏப்ரல் 12 அன்று சரத்தோவ் அருகே வயலில் இறங்கிய ககாரினைக் கண்டு ஒரு கிராமத்துப் பெண்ணும் பேத்தியும் பயந்து பின்வாங்கினார்கள். அதே ககாரின் அந்த ஆண்டு டிசம்பரில் இலங்கைக்கு வந்தார்.

இவ்வளவு பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?

நியாயமான கேள்வி. "உங்கள் ஜீபிஎஸ்ஸும் புயல் எச்சரிக்கையும் விண்வெளியால் வந்தவை" என்று பதில் சொல்வார்கள். அவை ஆளில்லாச் செய்மதிகளின் வேலை. மனிதரை அனுப்புவதற்கு அந்த வாதத்தைக் கடன் வாங்குவது நேர்மையல்ல. மனிதப் பயணத்தின் பலன் மருத்துவ ஆய்வு, பொறியியல், நாட்டுப் பெருமை. அது அந்தச் செலவுக்குப் பெறுமதியா என்பது அந்தந்த நாட்டு வரி கட்டுபவர் முடிவு செய்ய வேண்டியது.

அறிவித்த நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றுவது எப்படி?

உலகப் பொது நேரத்தோடு 5.30 மணி கூட்டுங்கள். புளோரிடா நேரம் என்றால் கோடையில் 9.30, குளிர்காலத்தில் 10.30. கலிபோர்னியா என்றால் கோடையில் 12.30, குளிர்காலத்தில் 13.30. மொஸ்கோவுக்கு 2.30 கூட்டவும். பீஜிங்குக்கு 2.30 கழிக்கவும். திகதி மாறுகிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம், பிழை வருவது அங்கேதான். இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூலை 15 அன்று கலிபோர்னிய நேரம் அதிகாலை 2.31 க்கு இறங்கினார். நமக்கு அதே நாள் பிற்பகல் 3.01.

பாடசாலையில் அல்லது வாசிகசாலையில் நேரடியாகக் காட்ட என்ன வேண்டும்?

நிலையத்திலிருந்து பிரிவதிலிருந்து காட்டத் தொடங்காதீர்கள். டிராகனுக்கு அதன் பிறகு பல மணி, சிலவேளை 22 மணி நேரம்கூட ஆகும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு தொடங்கினால் வேகம் குறைக்கும் எரிப்பு, மௌனம், பரசூட் எல்லாம் அடங்கும். இறங்கிய பிறகு இன்னும் ஒரு மணி வையுங்கள், கப்பலில் ஏற்றிக் கதவு திறப்பதற்கு. நாசாவின் யூடியூப் ஒளிபரப்பு இலவசம். 480 தரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜீபீ ஒதுக்குங்கள். ஒரே தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை நம்பாமல் வேறு நிறுவன சிம்மோடு இன்னொன்றைத் தயாராக வைத்திருங்கள். இணைய ஒளிபரப்பு அரை நிமிடம்வரை பிந்தி வரும் என்பதால் முகநூலில் முடிவு முன்னமே தெரிந்துவிடும். மாணவர்களின் தொலைபேசிகளை அந்த நேரம் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் காணொளி உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

பிரதான பரசூட் நாலு என்றால் டிராகன். மூன்று என்றால் அப்பலோ, ஸ்ரார்லைனர் அல்லது நாசாவின் சந்திரக் கலமான ஒரையன். ஒன்று என்றால் சோயுஸ் அல்லது ஷென்சோ. செய்தியில் டிராகன் என்று இருந்து படத்தில் ஒன்று தொங்கினால் அனுப்பியவரிடமே திருப்பிக் கேளுங்கள். இறங்கிய இடத்தில் அப்போது பகலா இரவா என்பதை மேலே சொன்ன நேரக் கணக்கால் பாருங்கள். வானத்தில் பல துண்டுகள் எரிவதாக வரும் படம் 2003 கொலம்பியா விபத்தினுடையதாகவோ விண்குப்பையினுடையதாகவோ இருக்கலாம். கலம் கருகிக் கறுத்திருப்பது மட்டும் விபத்துக்கு அடையாளம் அல்ல. எல்லாக் கலமும் அப்படித்தான் வரும்.

கருகி வந்த கலத்தை மறுபடி பாவிப்பார்களா?

டிராகனை ஆம். கவசத்தை மாற்றிச் சுத்தம் செய்து திரும்ப அனுப்புகிறார்கள். சுனிதாவைக் கொண்டுவந்த பிரீடம் கலத்துக்கு அது நாலாவது பயணம். சோயுஸ் ஒருமுறைதான்.